ரியோ தட்டு: பிரித்ததும் ஒட்டியதும்

தூத்துக்குடியில் என் பெரியம்மா வீட்டு முன்னறையில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு தட்டு தொங்கும். காபி கொண்டுவருவதற்கு இரண்டு பக்கமும் பிடி வைத்த மரத் தட்டுதான், ஆனால் அதில் யாரும் ஒரு டம்ளர்கூட வைத்து நான் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு உள்ளே ஒரு கடல், கவிழ்த்த பானை மாதிரி ஒரு மொட்டை மலை, இரண்டு பனை, பின்னால் இன்னொரு மலை உச்சியில் கையை விரித்து நிற்கும் இயேசு. மலையும் மரமும் பெயிண்ட். கடலும் ஆகாயமும் வண்ணத்துப்பூச்சிச் சிறகு. வாசலில் இருந்து உள்ளே நடந்தால் அந்த நீலம் பற்றிக்கொள்ளும். இரண்டு எட்டு தள்ளிப் போனால் அணைந்து கறுத்துவிடும். சின்ன வயதில் அதன் முன்னால் நின்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருப்பேன். "பேய் பிடிச்ச மாதிரி என்னட்டி ஆட்டுத?" என்று பெரியம்மா அதட்டுவாள்.

பெரியப்பா சரக்குக் கப்பலில் இஞ்சின் வேலை பார்த்தவர். 1963இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கப்பல் நான்கு நாள் நின்றபோது வாங்கியது என்று சொல்வார். போன ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறி, ஆணி கழன்று, தட்டு கீழே விழுந்தது. கண்ணாடி தப்பியது பெரிய விஷயம். விளிம்பில் பதித்திருந்த மரத்துண்டுகள் ஏழெட்டு உதிர்ந்தன, பின்பலகை வாயைப் பிளந்தது, ஒரு மூலையில் இருந்து பழுப்புத் தூள் கொட்டியது. பெரியம்மா எல்லாவற்றையும் ஒரு பழைய வாயில் சேலையில் பொதிந்து என் கையில் கொடுத்தாள். "ஏட்டி, நீதான் கண்ணாடிப் படமெல்லாம் சரிபண்ணுதியே, இதையும் என்னன்னு பாரு. முடியலன்னா அப்படியே கொண்டாந்துரு. பழைய சாமான்காரன் எவன்கிட்டயும் குடுத்துராத."

ஆறு வருடமாக விடுமுறை நாட்களில் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களைச் சரிசெய்து பழகியிருக்கிறேன். பூச்சிச் சிறகைத் தொட்டதில்லை. மதுரைக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் அலமாரிமேல் வைத்துவிட்டு, தினமும் அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் தைரியம் வந்தது.

பின்பக்கம் பச்சை ஃபெல்ட் துணி, அதற்குள் பிளைவுட், சுற்றிலும் பதினான்கு சின்ன ஆணிகள். கடற்கரைக் காற்றில் எல்லாம் துருப்பிடித்து வீங்கியிருந்தன. இடுக்கியால் பிடுங்கினால் தலை மட்டும் கையோடு வரும், உடல் மரத்துக்குள் நிற்கும். ஒவ்வோர் ஆணிக்கும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் தொட்டுவைத்து ஓர் இரவு விட்டேன். மறுநாள் தேய்ந்த வெண்ணெய்க் கத்தியைப் பலகைக்கு அடியில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி எழுப்பியதில் பதினொன்று முழுசாக வந்தன. மூன்று உடைந்தன. உளியைத் தொடவே இல்லை. ஓர் அதிர்ச்சி போதும், உள்ளே இருப்பது பொடியாகிவிடும்.

பலகையைத் தூக்கியதும் ஒரு மடிப்புச் செய்தித்தாள், அதற்குக் கீழே மஞ்சளடித்த பஞ்சு, பஞ்சுக்குக் கீழே அட்டை, அட்டையின் முகத்தில் சிறகுகள், அவற்றுக்கு முன்னால் கண்ணாடி. செய்தித்தாள் போர்த்துகீசியம். எனக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் செருப்பு விளம்பரத்துக்கு மொழி எதற்கு? விலையெல்லாம் குருசேரோவில் போட்டிருந்தது. பிரேசிலில் குருசேரோ புழக்கத்துக்கு வந்தது 1942இல். படத்தில் இருக்கும் இயேசு சிலையைக் கோர்கோவாடோ மலைமேல் திறந்ததோ 1931 அக்டோபர் 12. ஆக தட்டு 1942க்குப் பிந்தியது. பெரியப்பா சொன்ன 1963க்கு முந்தியது. கடைக்காரர் சொன்ன விலையைப் பேசிப் பாதியாக்கியதாக அவர் பெருமையடித்ததற்கு மட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை.

படத்தில் இருக்கும் மொட்டைப் பாறைக்குச் சர்க்கரைக் கட்டி என்று பெயர், போர்த்துகீசியத்தில் பாவ் டி அசூக்கார். குவானபாரா விரிகுடாவின் வாயில் 396 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. ரியோவுக்குக் கப்பலில் வந்தவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஊரைவிட்டுப் போகும்போது வாங்கிப் போனதும் அதையேதான். தட்டு, சாம்பல் கிண்ணம், சுவரில் மாட்டும் வட்டம் என்று எல்லாவற்றிலும் அதே பாறை, அதே பனை, அதே சிறகு ஆகாயம்.

சரி, சிறகுக்கு வருகிறேன். முதல் பாடம், மின்விசிறியை நிறுத்துவது. இதைச் சொல்லித் தர ஆள் இல்லாததால் நான் ஒரு துண்டைப் பறக்கவிட்டு, மேசைக்கடியில் டார்ச் அடித்துத் தேடிக் கற்றுக்கொண்டேன். இரண்டாவது, வாய்மூடி. பழைய சிறகில் இருந்து எழும் தூள் தும்மலைக் கிளப்பும். தும்மினால் மறுபடியும் மேசைக்கடியில்தான். மூன்றாவது, விரல் படக்கூடாது. விரலில் நீலம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். ஒட்டியது சாம்பல் கலந்த பழுப்பு. அதுதான் செதில். சின்ன வயதில் வண்ணத்துப்பூச்சியைப் பிடித்த எல்லார் விரலிலும் ஒருமுறையாவது ஒட்டிய அதே தூள். செதிலிறகிகள் என்று இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்ததே இதனால்தான்.

நாற்பது மடங்கு பெரிதாக்கும் ஒரு சின்ன லென்ஸில் பார்த்தால் சிறகு, நாட்டு ஓடு வேய்ந்த கூரை. வரிசை வரிசையாகச் செதில், ஒன்றின் காலை இன்னொன்றின் தலை மூடியிருக்கிறது. ஒரு செதிலின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அந்தச் செதில் ஒவ்வொன்றின் மேலும் நெடுக்காக வரப்புகள், வரப்பின் பக்கவாட்டில் அடுக்கடுக்காகத் தட்டுகள். அதையெல்லாம் பார்க்க என் லென்ஸ் போதாது, எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். இந்த அடுக்குகளும் நடுவில் இருக்கும் காற்றும் சேர்ந்துதான் வெளிச்சத்தில் இருந்து நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. மார்ஃபோ என்ற இந்தத் தென்னமெரிக்க வண்ணத்துப்பூச்சியில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது. சாயம் இருப்பது அடியில், கரும்பழுப்பு நிறத்தில். மிச்ச வெளிச்சத்தை அது விழுங்கிக்கொள்வதால் நீலம் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. சிறகைத் திருப்பிப் போட்டால் காய்ந்த இலை மாதிரி பழுப்பு, அதில் கண் கண்ணாக வட்டங்கள்.

படித்தது போதாது, கண்ணால் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. பஞ்சில் ஒட்டியிருந்த நகக்கண் அளவுத் துணுக்கு ஒன்றை வேறொரு தட்டில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தாமரை இலையில் உருளுகிற மாதிரி உருண்டு போய்விட்டது, துணுக்கு நனையக்கூட இல்லை. அடுத்து ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. அது பரவியது. பரவிய இடமெல்லாம் நீலம் போய், கிளிப்பச்சை! கெடுத்துவிட்டோம் என்று அரை நிமிடம் வயிற்றைக் கலக்கியது. ஆல்கஹால் ஆவியாக ஆவியாக, ஓரத்தில் இருந்து நீலம் உள்ளே ஊர்ந்து வந்து பழையபடி நின்றது. ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்று சொல்வது ஒளிவிலகல் எண்: காற்றுக்கு 1, ஆல்கஹாலுக்குச் சுமார் 1.38, சிறகு ஆகியிருக்கும் கைட்டின் என்ற பொருளுக்குச் சுமார் 1.56. அடுக்குகளுக்கு நடுவில் காற்று இருந்த இடத்தில் ஆல்கஹால் புகுந்தால் கணக்கு மாறி நிறம் பச்சைப் பக்கம் நகர்கிறது. ஆல்கஹால் காய்ந்துவிடும். பசை உள்ளே புகுந்தால்?

அதற்கும் பதில் அந்த அட்டையிலேயே இருந்தது. கடலின் வலது ஓரத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு திட்டு, எந்தப் பக்கம் சாய்த்தாலும் சேற்றுப் பச்சையாகவே கிடந்தது. மேல்முகத்தில் வெள்ளைப் பசை பூசிக் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பெரியம்மாவைப் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "உங்க அண்ணன்தான். எட்டாப்பு படிக்கும்போது ஒரு ஓரம் கிழிஞ்சிருக்குன்னு உங்க பெரியப்பாக்குத் தெரியாம ஒட்டினான். நான் சொல்லல." நாற்பது வருட ரகசியம். அந்த அண்ணன் இப்போது வெளிநாட்டில் பெரிய பொறியாளர்.

அட்டையின் நிலவரத்தை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டேன். மொத்தம் 46 துண்டுகள். ஆகாயத்தில் 19, கடலில் 23, நான்கு மூலைக்கு நான்கு. மூலையில் இருந்தது வேறு இனம், டயேத்ரியா என்ற சின்ன வண்ணத்துப்பூச்சி. அதன் அடிச்சிறகில் கறுப்பு வெள்ளைக் கோட்டில் 88 என்று அச்சடித்த மாதிரி இருக்கும். பெரியப்பா எங்களிடம் அதுதான் தட்டின் நம்பர் என்று சொல்லி வைத்திருந்தார். நான் கல்லூரி போகும்வரை நம்பினேன். நான்கில் மூன்று 88 இருந்தன. நான்காவது போன இடம் தெரியவில்லை, நரம்பின் ஒரு துண்டும் பழுப்புத் தூளும்தான். அந்த மூலையில் அட்டையைத் தூக்கினால் ராமபாணப் பூச்சி இரண்டு ஓடின.

ஆச்சரியம் என்னவென்றால் மார்ஃபோ சிறகுகள் ஒன்றுகூட வெளுக்கவில்லை. செய்தித்தாள் மஞ்சளாகிவிட்டது, பஞ்சு மஞ்சளாகிவிட்டது, பனையின் பச்சை கறுத்துவிட்டது, ஆணி துருப்பிடித்துவிட்டது, மாவுப் பசையை ராமபாணம் தின்றுவிட்டது. பட்டறையில் சேர்த்ததெல்லாம் கெட்டிருந்தது. சிறகு மட்டும் அன்று வாங்கின நீலத்திலேயே இருந்தது. நீலச் சாயம் இருந்தால்தானே வெளுக்கும்.

ராமபாணத்தை ஒழிக்காமல் மேலே எதுவும் செய்யமுடியாது. மருந்து அடித்தால் சிறகு நனையும். பாச்சை உருண்டை வைத்தால் வீடுதான் நாறும். காட்சியகங்களில் பூச்சி மாதிரிகளை உறைய வைப்பார்கள். கண்ணாடியையும் மரத்தையும் குளிரில் வைத்தால் பெயிண்ட் விட்டுப்போகும் என்பதால் சிறகு அட்டையை மட்டும் இரண்டு பாலித்தீன் உறைக்குள் காற்றில்லாமல் மூடி, ஃப்ரீசரில் பதினான்கு நாள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 வரைதான் போகும், அதனால் நாளைக் குறைக்கவில்லை. வஞ்சிரத் துண்டுகள் பக்கத்து வீட்டு ஃப்ரீசருக்குக் குடிபெயர்ந்தன. வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்கவில்லை. குளிர்ந்த பொருளை உடனே திறந்தால் சோடா பாட்டில் வேர்க்கிற மாதிரி வேர்த்துவிடும்.

அந்த இரண்டு வாரமும் கை சும்மா இருக்கவில்லை, தேடிப் படித்தேன். மார்ஃபோ நீலத்தில் பெரியவை 15 சென்டிமீட்டர் வரை விரியும். பல இனங்களில் ஆண்தான் இப்படி எரியும். பெண்ணுக்கு நீலம் மங்கலாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஆண்கள் காட்டுப் பாதையிலும் ஆற்றோரமும் ரோந்து போகும்; வேறொரு நீலம் மினுங்கினால் போட்டிக்கு வந்துவிட்டான் என்று துரத்தும். பிடிக்கிறவர்களுக்கு அதுவே வசதி. பளபளக்கும் நீலத் துண்டு ஒன்றை ஆட்டினால் தானே கீழே இறங்கிவரும். என் அட்டையில் நரம்பு வடிவங்களை வைத்துப் பொருத்திப் பார்த்தேன். 42 மார்ஃபோ துண்டுக்குக் குறைந்தது பதினாறு பூச்சி. ஒரு காபித் தட்டுக்கு!

பிரேசில் 1967 ஜனவரியில் காட்டு விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. காட்டில் பிடித்த உயிர்களையும் அவற்றில் செய்த பொருட்களையும் விற்பது தடையானது. அதற்காக நீல வண்ணத்துப்பூச்சிக்கு வந்த ஆபத்தையெல்லாம் தட்டுக்காரர்கள் தலையில் கட்டமுடியாது. ரியோவைச் சுற்றியிருந்த அட்லாண்டிக் காட்டின் பெரும்பகுதி காபிக்கும் கரும்புக்கும் மாட்டுக்கும் ஊருக்கும் போய்விட்டது. மார்ஃபோ ஏகா என்ற இனத்தின் புழு மூங்கிலைத்தான் தின்னும். மூங்கில் புதரை வெட்டிவிட்டு வலையை மட்டும் தடைசெய்தால் என்ன பயன்? இருந்தாலும் பதினாறு என்ற எண் மனதில் உட்கார்ந்துகொண்டது.

இதே சிறகு இங்கிலாந்துக்கும் போயிருக்கிறது. பர்மிங்ஹாமில் 1920களில் ஷிப்டன் நிறுவனத்தார் வெள்ளி ப்ரூச்சுகளில் கண்ணாடிக்கு அடியில் மார்ஃபோ வைத்து விற்றார்கள். தைவானில் பூலி என்ற ஊரில் 1960கள், 70களில் சிறகுப் படம் செய்வது ஒரு தொழிலாகவே நடந்தது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கியில் வண்ணத்துப்பூச்சிச் சிறகை வெட்டி ஒட்டிக் கிராமக் காட்சிகள் செய்கிறார்கள். அங்கே சிறகைக் கோடாகவும் துணியாகவும் உடம்பாகவும் வெட்டிப் பயன்படுத்துவதால் ஒவ்வொரு படத்திலும் கத்தரிக்கோல் தெரியும். ரியோ தட்டில் சிறகு வெறும் பின்னணி, கைவேலையெல்லாம் பெயிண்டில். எனக்குப் பாங்கி படம்தான் பிடிக்கிறது, பெரியம்மாவிடம் சொல்லமாட்டேன். நம் பக்கம் இதற்கு உறவு பொன்வண்டு. தீப்பெட்டிக்குள் வைத்து வளர்த்தோமே, அதன் பச்சை ஓடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் மஸ்லின் துணியில் ஜரிகையோடு பொன்வண்டு ஓட்டைத் தைத்துக் கப்பலேற்றினார்கள். ஓட்டில் ஊசித் துளை போடலாம், துணியோடு மடிக்கலாம். சிறகில் அந்தக் கதையெல்லாம் நடக்காது.

ஃப்ரீசர் முடிந்து வேலை தொடங்கியது. பல துண்டுகள் சுருண்டு, பழைய அப்பளம் மாதிரி ஓரம் தூக்கி நின்றன. அழுத்தினால் ஒடியும். பூச்சி சேகரிப்பவர்கள் பயன்படுத்தும் ஈரப் பெட்டியைச் செய்துகொண்டேன். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பஞ்ச், பூஞ்சை பிடிக்காமல் இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம், மேலே வலைத்தட்டு, அதன்மேல் அட்டை. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் சிறகு வெற்றிலை மாதிரி வளைந்து கொடுத்தது. ஒட்டவில்லை, உடையவில்லை. பழைய மாவுப் பசையும் இளகியிருந்ததால் ஆடிக்கொண்டிருந்த துண்டுகளைத் தனியாக எடுக்க முடிந்தது. எடுத்தது நகைப் பட்டறையில் வாங்கிய சாமணத்தால். அதன் முனையைத் தேய்த்து மழுக்கி, நரம்பு இருக்கும் ஓரத்தில் மட்டும் பிடித்தேன்.

ஒட்டுவதற்கு மெத்தில் செல்லுலோஸ், தண்ணீரில் கரையும் மாவில்லாத பசை. பழையபடி மைதாப் பசை போட்டால் ராமபாணத்துக்கு மறுபடியும் இலை போட்டு விருந்து வைத்ததாகும். தயிர் பதத்துக்குக் கரைத்து, சிறகின் அடிப்பக்கம் நரம்பின்மேல் மட்டும் குண்டூசித் தலை அளவுக்கு மூன்று நான்கு புள்ளி. முழுக்கப் பூசவில்லை. பூசினால் ஓரத்தில் பிதுங்கி மேலே ஏறும், அண்ணன் செய்ததையே நானும் செய்தவளாவேன்.

இரண்டாம் நாள் ஒரு தவறு. ஆகாயத்தின் நடுத்துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு விளக்கைப் போட்டால், மற்றதெல்லாம் எரிய அது மட்டும் கரும்புள்ளியாக நிற்கிறது. பசை ஏறிவிட்டதோ என்று லென்ஸில் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அட்டையைக் கால் வட்டம் திருப்பியதும் அது எரிந்தது, மற்றதெல்லாம் அணைந்தன. திசையை மாற்றி ஒட்டியிருக்கிறேன். செதிலின் வரப்பு ஒரே பக்கம் ஓடுவதால், எந்தப் பக்கம் இருந்து வெளிச்சம் விழுகிறது என்பதைப் பொறுத்து மினுக்கம் மாறும். பிறகுதான் கவனித்தேன். அந்தப் பட்டறைக்காரர் ஆகாயத் துண்டுகளை எல்லாம் நரம்பு கிடையாக ஓடும்படியும், கடல் துண்டுகளை நெடுக்காக ஓடும்படியும் ஒட்டியிருக்கிறார். அதனால்தான் ஒரே பூச்சியின் சிறகாக இருந்தும் ஆகாயம் எரியும்போது கடல் ஒரு படி இருண்டு ஆழமாகத் தெரிகிறது. இருபத்தைந்து வருடம் இதன்முன் தலையை ஆட்டியிருக்கிறேன், இது உறைக்கவில்லை. கடைவீதியில் கப்பல்காரர்களுக்கு விற்கிற சாமான்தானே என்ற இளக்காரம் எனக்குள் கொஞ்சம் இருந்தது, அன்றோடு போயிற்று. துண்டை ஈரப் பெட்டியில் போட்டுக் கழற்றி, திருப்பி ஒட்டினேன்.

அண்ணனின் பச்சைத் திட்டை ஓர் ஓரத்தில் மட்டும் சோதித்தேன். வெதுவெதுப்பான ஆவி காட்டிப் பசையை உரித்தால் செதிலும் சேர்ந்து வந்தது. அடியில் வெறும் பழுப்புத் தோல். நிறுத்திவிட்டேன். பசையோடு இருக்கும் சிறகு, செதில் இல்லாத சிறகைவிட மேல்.

காலியான மூலைக்கு என்ன வைப்பது? தோட்டத்தில் செத்துக் கிடக்கிற வண்ணத்துப்பூச்சியைப் பொறுக்கி வைத்துவிடேன் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நம் வண்ணத்துப்பூச்சிகளில் பல இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை. அதைவிட, தமிழ்நாட்டுச் சிறகை ரியோவின் ஆகாயத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் அது பழுதுபார்ப்பதாகாது. காகிதத்தில் 88 வரைந்து வைத்தேன். அதை விடுங்கள், சுவாரசியமானது அதன் பின்னணி. மூலையில் விரல் அகலத்துக்கு மார்ஃபோ நீலமும் போயிருந்தது. முதலில் ரெசின் கைவேலைக்காரர்கள் வாங்கும் நீல மைக்கா பவுடரை வெள்ளைத் தாளில் பூசினேன். கோயில் திருவிழா பலூன் நிறம். அந்தப் பவுடரில் சாயம் கலந்திருக்கிறது. பிறகு இன்டர்ஃபெரன்ஸ் நீலம் என்று தனியாக விற்கும் அக்ரிலிக்கை வாங்கினேன். அதில் சாயம் இல்லை. மைக்கா செதிலின் மேல் டைட்டானியம் டைஆக்சைடு மெல்லிய படலமாக ஏறியிருக்கும், அந்தப் படலத்தின் தடிமன்தான் நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைத் தாளில் பூசினால் பால் மாதிரி வெளிறிக் கிடந்தது. கறுப்புத் தாளில் பூசியதும் பற்றிக்கொண்டது. அடியில் கறுப்பு வேண்டும் என்பது சிறகில் பார்த்த அதே சங்கதி. மார்ஃபோ அளவுக்கு எரியவில்லை, பாதி எரிகிறது. போதும். ஒட்டுத்துண்டின் முதுகில் பென்சிலால் தேதியையும் "காகிதம்" என்ற சொல்லையும் எழுதினேன்.

கண்ணாடி எனக்குப் பழகிய பிரதேசம். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்திலும் இதே முறைதான்: கண்ணாடியின் பின்பக்கம், முன்னால் தெரியவேண்டியதை முதலில் வரைந்து, பின்னணியைக் கடைசியில் பூசுவார்கள். நகைக்கும் திரைச்சீலைக்கும் பெயிண்ட் பூசாமல் இடம் விட்டு, பின்னால் ஜிகினாத் தாள் வைப்பார்கள். ஜிகினா இருக்கும் இடத்தில் இங்கே சிறகு. பனை ஓலையில் பெயிண்ட் செதில் செதிலாக எழும்பியிருந்தது. சைலீன் என்ற கரைப்பானில் 5 விழுக்காடு கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசினை, மூன்று மயிர் தூரிகையால் செதிலின் ஓரத்தில் தொட்டால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜன்னல் எல்லாம் திறந்து, சிறகு அட்டையை வேறு அறையில் வைத்துவிட்டுச் செய்தேன். இயேசுவின் இடக்கை மணிக்கட்டு ஏற்கனவே உதிர்ந்திருந்தது, தொடவில்லை.

விளிம்பு மரத்தைத் தெருமுனை ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன். கறுப்புத் துண்டு ஒன்றைத் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஈட்டி சாதிம்மா. நம்ம ஈட்டி இல்ல, ஆனா அந்தக் குடும்பம்" என்றார். பிரேசிலில் ஜக்கராண்டா என்று சொல்லும் மரம் ஈட்டியின் பங்காளிதான். நம் ஊர்ச் சாலையோரம் ஊதாப் பூ பூப்பது வேறு. 1992 முதல் அந்த மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு. பழைய பசை வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை, என்று அவரே கண்டுபிடித்தார். எச்சில் தொட்டுத் தேய்த்ததும் பிசுபிசுத்தது. அவரிடமே கொஞ்சம் வஜ்ஜிரம் வாங்கி, பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துக் காய்ச்சி, உதிர்ந்த துண்டுகளைப் பதித்தேன். இரண்டு துண்டு தொலைந்துபோயிருந்தன. அவற்றை மட்டும் அவர் தேக்கில் வெட்டிக் கொடுத்தார், சாயம் ஏற்றாமல்.

திரும்பப் பூட்டும்போது பஞ்சுதான் யோசிக்க வைத்தது. சிறகைக் கண்ணாடியோடு அழுத்தி வைக்கப் பஞ்சு வேண்டும். ஆனால் பருத்திப் பஞ்சு தூத்துக்குடிக் காற்றில் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். நடுவில் இடைவெளி விட்டால் சிறகுக்கு நல்லது, ஆனால் மலையின் நிழல் ஆகாயத்தில் விழுந்து படம் இரண்டாகத் தெரிந்தது. கடைசியில் தலையணைக்குள் வைக்கும் பாலியஸ்டர் பஞ்சை மெல்லிசாக விரித்தேன். பழைய பஞ்சும் செருப்பு விளம்பரமும் ஓர் உறையில், பலகைக்குப் பின்னால். ஆணிக்குப் பதில் பித்தளைத் திருகு எட்டு. அடுத்து பிரிப்பவருக்கு மண்ணெண்ணெய் வேண்டாம். முதுகின் நான்கு மூலையிலும் கார்க் வில்லை ஒட்டினேன், சுவருக்கும் தட்டுக்கும் நடுவில் காற்று ஓட.

தைப் பொங்கலுக்கு முந்தின வாரம் கொண்டுபோய், ஓதம் ஏறாத உள்சுவரில் மாட்டினேன். பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். தலை லேசாக இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் வந்தது. காகிதம் வைத்த மூலையைக் கவனிக்கவில்லை. நேராகக் கடலின் வலது ஓரத்துக்கு விரலை நீட்டினாள்.

"இந்த இடம் இன்னும் அப்படியேதான இருக்கு?"

"அது போகாது பெரியம்மா. எடுத்தா சிறகும் போயிரும்."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள். "சித்திரைக்கு அவன் வாறான். காட்டணும்."